ஒன்பது வாசலும் ஒரு கிண்ணம் தைலமும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ராஜ்ஜியத்து மன்னரின் திருமேனியைவிடப் பத்திரமான இடம் மூன்று உலகத்திலும் கிடையாது என்று கல்லில் வெட்டி அரண்மனை முகப்பில் நட்டிருந்தார்கள். கோட்டைக்குள் பகைவன் புகுந்தாலும் புகலாம், கருவூலத்துக்குள் கள்ளன் புகுந்தாலும் புகலாம், மன்னர் திருமேனிக்குள் அனுமதியில்லாமல் ஓர் அணுவும் புக முடியாது என்றது அந்தக் கல்.

அந்தத் திருமேனியின் உச்சியில் முடி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புகுவதற்குத்தான் காவல் போட்டிருந்தார்களே தவிர, வெளியே உதிர்வதற்கு யாரும் காவல் போடவில்லை.

காவல் என்றால் சாதாரணக் காவல் இல்லை. மனித உடம்புக்கு ஒன்பது வாசல் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற ஊர்களில் அதைக் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். அந்த ராஜ்ஜியத்தில் அதைக் கேட்டுவிட்டு ஆள் எடுத்தார்கள். மன்னர் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கக் கண்வாயில் அதிகாரி. எதைக் கேட்கலாம் என்பதற்குச் செவிவாயில் அதிகாரி. மாலை வந்தால் மன்னர் கழுத்தில் விழுமுன் முகர்ந்து பார்க்க நாசிவாயில் அதிகாரி. மீதி இரண்டு வாசலுக்கும்கூட அதிகாரிகள் இருந்தார்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஆனால் ஊர்வலத்தில் அவர்களுக்கும் குடை உண்டு.

வாய்க்குக் காவல் நல்லபெருமாள். முதற்கவளக்காரர் என்று பட்டம். மன்னருக்குப் போகும் எதிலும் முதல் கவளம் அவருடையது. தின்றுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தன் வயிறு என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "போகலாம்" என்பார். அவர் "போகலாம்" சொல்லாமல் ஒரு கறிவேப்பிலைகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. எந்த அரிசியை எந்தக் கிணற்றுத் தண்ணீரில் களைந்தார்கள் என்று முகர்ந்தே சொல்லும் மூக்கும், பயத்தினால் மெலிந்த உடம்பும் அவருக்கு. சாகக்கூடிய வேலையை இத்தனை ஒழுங்காகச் செய்கிற மனிதர் அந்த அரண்மனையில் வேறு யாரும் இல்லை.

அந்த ஊரில் தேர்த் திருவிழாவன்று மன்னர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுந்தலையோடு வடம் தொட்டுக் கொடுக்க வேண்டும். போன வருஷம் அப்படித் தொடும்போது, கூட்டத்தில் கடலை விற்கிற ஒருத்தி, "ஐயோ பாவம், ராசாவுக்கு உச்சியில வெயில் சுடுமே!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கேலியாகச் சொல்லியிருந்தால் தண்டித்திருக்கலாம். உண்மையான இரக்கத்தோடு சொன்னாள். மன்னரால் அதைத் தாங்க முடியவில்லை.

"அடுத்த தேருக்குள் என் தலையில் முடி இருக்க வேண்டும்" என்று ஆணை பிறந்தது.

ராஜவைத்தியர் அமிர்தகடேச பண்டிதர் ஒரு வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தார். கிணற்றுக் கயிறு கனத்துக்குக் குடுமி வைத்திருந்த மனிதர் அவர். தலைமுறை தலைமுறையாகத் தம் குலம் பூண்டின் வாசத்தைக்கூட அறியாது என்பதை, நேரம் கேட்டவர்களிடமும் வழி கேட்டவர்களிடமும் சொல்லாமல் அனுப்பமாட்டார். கிண்ணத்தில் கடல்கடந்து வந்த ஏதோ ஒரு வேரைக் காய்ச்சிய தைலம். கருகிய வெந்தயமும் கற்பூரமும் நனைந்த சாக்கும் கலந்தாற்போல் ஒரு வாசனை.

"மகாராஜா, இது மரியாதை தெரிந்த தைலம்" என்றார் பண்டிதர். "மயிர்க்கால் வரை செல்லும். அங்கே கைகட்டி நிற்கும். அதற்குமேல் எள்ளளவும் உள்ளே அடி எடுத்து வைக்காது."

சபையின் ஓரத்தில் விகடகவி கூத்தபிரான் உட்கார்ந்திருந்தார். மெல்லிய உடம்பு, பெரிய தலைப்பாகை. "அத்தனை அடக்கம் இந்தச் சபையில் மனிதர்களுக்கே இல்லையே, பண்டிதரே. தைலத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்றார்.

மன்னர் சிரித்தார். பண்டிதர் சிரிக்கவில்லை. எப்போதாவது உதவும் என்று அதை மனத்தில் ஒரு பக்கமாக எடுத்து வைத்தார்.

நல்லபெருமாள் பழக்கத்தால் ஓர் அடி முன்னால் வந்தார். "மகாராஜா, முறைப்படி அடியேன் முதலில் ஒரு சொட்டு…"

"வாயில் போடுகிற பண்டமா இது?" என்று பண்டிதர் சீறினார். "என் தைலத்தைச் சமையற்கட்டு ஆள் நக்கிப் பார்ப்பதா?"

மகாமந்திரி கண்ணை மூடி யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "உச்சந்தலையில் வாசல் இல்லை. வாசல் இல்லாத இடம் சுவர். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு வாயிற்காவலனைக் கேட்க வேண்டியதில்லை."

எவ்வளவு தெளிவான தீர்ப்பு என்று சபை வியந்தது. நல்லபெருமாளும் வியந்தார், ஒரு பொறுப்புக் குறைந்தது என்று நிம்மதியாகவும் இருந்தது. பின்வாங்கி நின்றுகொண்டார்.

தைலம் வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். சில வாரங்களில், உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி, உச்சியில் ஒரு பூனைமயிர்ப் பரப்பு கிளம்பியது. அரசவைக் கவிஞர்கள் அதை முதல் மழைக்குப் பிந்திய குறிஞ்சி நிலத்தோடு ஒப்பிட்டார்கள். கண்வாயில் அதிகாரி இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் பிடித்து மன்னருக்கு அவருடைய உச்சியையே தரிசனம் செய்து வைத்தார்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பண்டிதருக்கு ஆசை பெருகிவிட்டது. தினம் மூன்று துளி என்றிருந்தது, கிண்ணம் நிறைய என்றாகியது. தச்சர்கள் பலகையை இழைக்கும் சொரசொரப்பான இலை ஒன்று உண்டு. அதைக் கொண்டு மன்னரின் உச்சியைச் சிவக்கச் சிவக்கத் தேய்த்துவிட்டு, "வேர்களை எழுப்புகிறேன்" என்று சொல்லித் தைலத்தை ஊற்றினார். ஊற்றியது ஆவியாகிப் போகாதபடி வாழையிலையால் மூடி இறுக்கிக் கட்டி, அதன்மேல் கிரீடத்தை வைத்தார். மாலையில் கிண்ணத்தில் மிஞ்சியது எப்படியோ தினமும் காணாமல் போயிற்று. பூனை நக்கிவிடுகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

தேருக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் தேர் நிலைக்கு வரும்வரை ஊருக்குள் கவுச்சி கிடையாது, பூண்டு கிடையாது. அந்த விரத நாட்களில் ஒருநாள் மன்னர் சிங்காதனத்திலிருந்து எழுந்தார். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார். சபை சுற்றியது என்றார். நெஞ்சுக்குள் குதிரை ஓடுகிறது என்றார். பாதம் வீங்கி வீரக்கழல் சதையில் புதைந்து, தட்டானை வரவழைத்து அதை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. வீரக்கழலை அறுப்பது அபசகுனம் என்பதால், தட்டான் அதை விரிவாக்கம் செய்வதாக அறிவித்தார்கள். நெற்றியிலும் கன்ன எலும்பின்மேலும் மெல்லிய ரோமம் படர்ந்திருந்ததை நாவிதன் பார்த்தான். பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டான்.

பண்டிதர் நாடி பிடித்தார். அவர் முகம் வெளுத்தது. வெளுத்த முகத்தோடே திரும்பி, "விஷம்" என்றார்.

"எந்த வாசல் வழியாக?" என்றார் மகாமந்திரி.

கண் தன் வழியாக இல்லை என்றது. செவி இல்லை என்றது. நாசி இல்லவே இல்லை என்றது. மற்ற இரண்டு அதிகாரிகளும் தலையை மட்டும் ஆட்டினார்கள். எல்லோரும் நல்லபெருமாளைப் பார்த்தார்கள்.

"தாங்கள் சாப்பிட்டதெல்லாம் நானும் சாப்பிட்டேனே மகாராஜா!" என்று அவர் கதறினார். "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே!"

"கேட்டீர்களா?" என்றார் பண்டிதர் சபையைப் பார்த்து. "விஷத்தைத் தின்று தின்று பழகியிருக்கிறான். அவனே ஒப்புக்கொள்கிறான்."

தேர் முடிந்த மறுநாள் பட்டத்து யானை மங்களத்தின் காலில் இடுவது என்று முடிவாயிற்று. நல்லபெருமாளை யானைக் கொட்டடியை ஒட்டிய அறையில் அடைத்தார்கள். யானையும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

கூத்தபிரான் அங்கே போனது ஒரு நடுப்பகலில். செருப்பைக் காலில் போடாமல் கையில் தூக்கிக்கொண்டு, சுடுமணலில் தத்தித் தத்தி வந்தார். உடம்பெல்லாம் புனுகு மணம் ஆளைத் தூக்கியது.

"என்ன வே, கம்பி எண்ணுதீரா?"

"இதுல கம்பியே மூணுதான் அண்ணாச்சி. எத்தனை தடவ எண்ண?" நல்லபெருமாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அந்தா பாரும், மங்களத்த. வயிறு ஊதிப் போயிக் கெடக்கு. ஊரே வந்து யானைக்குச் சொகமாகணும்னு கும்பிட்டுட்டுப் போகுது. நான் மட்டும் என்னத்த வேண்ட? அதுக்குச் சொகமாச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

"அதை விடும். ஒண்ணு கேக்கேன், சொல்லும். உமக்கு நெஞ்சு படபடங்குதா?"

"யானைக் கால் கனவுல வந்தா படபடங்காம?"

"அது இல்ல வே. சும்மா உக்காந்திருக்கும்போது. குனிஞ்சு நிமிந்தா கண்ணு இருட்டுதா? மோதிரம் இறுகுதா? சாயங்காலம் ஆனா கணுக்கால அமுக்குனா குழி விழுதா? குழி நெறைய ரொம்ப நேரம் எடுக்குதா?"

நல்லபெருமாள் தன் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார். எலும்புதான் தட்டுப்பட்டது. "ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ராசாவுக்கு இதெல்லாம் இருக்கா? நீரு பக்கத்துல இருந்து பாத்த மாதிரி சொல்லுதீரே."

கூத்தபிரான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். அவர் முகத்தில் கேலி இல்லை. கேலி இல்லாத அந்த முகத்தைப் பார்க்க நல்லபெருமாளுக்கு யானையைவிடப் பயமாக இருந்தது.

அப்போது கொட்டடிக்குள் ஒரு சண்டை. யானைப்பாகன் கோயில் குருக்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தான். "சாமி, சத்தியமா நான் பூண்டு திங்கல. காப்புக் கட்டின கையி. யானைக்கு மருந்துக்குத்தான் கூடை கூடையா வருது. தொட்டியில கொட்டிக் காலாலதான் மிதிக்கேன். கையிலகூடத் தொடல!"

"வாயைத் திறந்தா நாறறது. பொய் வேற சொல்றே. உனக்கு விபூதி கிடையாது" என்று குருக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

பாகன் அழாத குறையாக நின்றான். கூத்தபிரான் திரும்பி அவன் வாயைப் பார்த்தார். பிறகு அவன் பாதத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் வாயைப் பார்த்தார். ஒரு பல்லி சுவரில் ஏறுவதைப் பார்ப்பதுபோல், பாதத்திலிருந்து வாய் வரை அவர் கண் மெதுவாக ஏறியதை நல்லபெருமாள் கண்டார்.

"நல்லபெருமாளே," என்றார் கூத்தபிரான், "நாளைக்கு உமக்குச் சபையில கடைசியா ஒரு வேலை இருக்கு. மூக்கைச் சுத்தமா வச்சிரும்."

மறுநாள் மன்னர் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். கூத்தபிரான் வணங்கி, "மகாராஜா, விஷம் வாய் வழியாக வரவில்லை. தலை வழியாக வந்தது. தைலம்தான்" என்றார்.

பண்டிதர் கொதித்தெழுந்தார். "தோல் என்பது சுவர்! சுவர் வழியாக எதுவும் உள்ளே போகாது! மகாமந்திரியே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்!"

"ஆம், சொல்லியிருக்கிறேன்" என்றார் மகாமந்திரி.

மன்னர் களைத்த குரலில் சொன்னார். "கூத்தபிரானே, என் எதிரில் காட்டு. ஒன்பது வாசலும் பூட்டியிருக்க வேண்டும். தோலில் ஒரு கீறல்கூடப் படக்கூடாது. அப்படியும் ஒரு பொருள் உடம்புக்குள் போக முடியும் என்று காட்டினால் நம்புகிறேன்."

"காட்டாவிட்டால்?" என்றார் பண்டிதர். பத்திரமாக எடுத்து வைத்திருந்ததை இப்போது வெளியே எடுத்தார். "யானை ஒருவருக்காகக் கால் தூக்குகிறது. இருவராக இருந்தால் அதற்கென்ன?"

மன்னர் கையை அசைத்தார். ஆகட்டும் என்று அதற்குப் பொருள்.

"யாருடைய உடம்பில் காட்டட்டும்?" என்றார் கூத்தபிரான், ரொம்பவும் பணிவாக.

"என் உடம்பிலேயே காட்டும்! தலைமுறை தலைமுறையாகப் பூண்டின் வாசம் அறியாத உடம்பு ஐயா இது! அசுத்தம் எதுவும் இதை அண்டாது!"

"நன்றி, பண்டிதரே" என்றார் கூத்தபிரான்.

முதலில் நல்லபெருமாளை விலங்கோடு அழைத்து வந்தார்கள். பண்டிதரின் வாயை முகர்ந்து சொல்லச் சொன்னார்கள். அவர் முகர்ந்தார். "வெற்றிலை. ஏலக்காய். காலையில் பாசிப்பருப்புப் பாயசம். வேறு ஒன்றுமில்லை" என்றார். பண்டிதர் பெருமையோடு தலையசைத்தார்.

பிறகு வாயில் அதிகாரிகள் வாழ்க்கையில் முதல் முறையாக வேலை பார்த்தார்கள். கண்ணைப் பட்டுத்துணியால் கட்டினார்கள். காதில் பஞ்சு வைத்தார்கள். நல்லபெருமாள் தம் கையாலேயே பண்டிதரின் வாயைத் துணியால் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு முத்திரை வைத்தார். மூச்சு விட மூக்கு வேண்டுமே. அதற்கு நாசிவாயில் அதிகாரி கை நிறைய மல்லிகையைப் பொத்தி மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மல்லிகையைத் தவிர வேறு வாசம் உள்ளே போக வழியில்லை. மீதி இரண்டு அதிகாரிகளும் தங்கள் வாசல்களுக்குப் பண்டிதரே பொறுப்பு என்று சொல்லிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த மணையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

பண்டிதரின் கால்களை ஒரு திரைக்கு வெளியே நீட்டச் செய்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் யானைப்பாகன் காத்திருந்தான். கூத்தபிரான் அவனிடமிருந்து நசுக்கிய பூண்டு விழுதை வாங்கி, பண்டிதரின் இரு உள்ளங்கால்களிலும் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் பதமாகத் தேய்த்தார். கால்கள் இரண்டையும் இரண்டு குடத்துக்குள் விட்டு, குடத்து வாயைக் கணுக்காலோடு சேர்த்து மாவு வைத்து அடைத்தார். நேரம் அளக்க, அடியில் துளையிட்ட நாழிகை வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள்.

வட்டில் நிறைந்து மூழ்கியது. ஒன்றும் நடக்கவில்லை. பிரபுக்கள் இருமினார்கள். "விகடகவிக்கும் மங்களத்துக்கும் முன்பே பழக்கம் உண்டா?" என்று யாரோ கேட்க, நான்கு பேர் சிரித்தார்கள். கூத்தபிரான் தரையில் உட்கார்ந்து நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நல்லபெருமாள் நினைத்தார். மன்னர் வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தூக்கி மறுபடி மிதக்கவிட்டார்கள்.

இரண்டாம் முறை வட்டில் பாதி நிறைந்தபோது பண்டிதரின் புருவம் நெளிந்தது.

கட்டிய துணிக்கு உள்ளே அவர் நாக்கு அலைவது கன்னத்தில் தெரிந்தது. இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, எதையோ தேடியது. நெற்றியில் வேர்த்தது. சபை முழுவதும் அந்தக் கன்னத்தையே பார்த்தது. வட்டில் மூழ்கியதும் கூத்தபிரான், "முதற்கவளக்காரரே, உங்கள் வாசலைத் திறந்து பாருங்கள்" என்றார்.

நல்லபெருமாள் முத்திரையைச் சபைக்குக் காட்டிவிட்டு உடைத்தார். துணியை அவிழ்த்தார். பண்டிதர் பெருமூச்சு விட்டார்.

வாழ்நாள் முழுவதும் சாவை முகர்ந்து பார்த்துச் சம்பளம் வாங்கியவர் நல்லபெருமாள். அவர் மூக்கு எதற்கும் அதிர்ந்ததில்லை. அன்றைக்கு அதிர்ந்தது. ஓர் அடி பின்வாங்கினார். மறுபடி கிட்டே போய் முகர்ந்தார்.

"என்ன?" என்றார் மன்னர்.

"பூண்டு, மகாராஜா."

"எங்கே?"

"வாய்க்குள்ளே."

நாசிவாயில் அதிகாரி மல்லிகையைக் கீழே போட்டுவிட்டு முகர்ந்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினார். மன்னர், தலை சுற்றுவதையும் மறந்து, இருவர் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, தம் பிரஜை ஒருவரின் வாயை முதல் முறையாக முகர்ந்தார். குடங்களைக் கொண்டுவரச் சொன்னார். மாவு வைத்தது வைத்தபடி இருந்தது, விரிசல் இல்லை.

பண்டிதர் கண்கட்டை அவிழ்த்துக்கொண்டு, திறந்த வாயை மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "நாக்கில்… என் நாக்கில் தெரிகிறது" என்றார். கோபம் இல்லை, தந்திரம் இல்லை. தொலைதூரத்திலிருந்து பேசுகிற குரல். "காலில் வைத்தது நாக்கில் தெரிகிறது. எந்த வழியாக வந்தது?"

சபையில் ஒவ்வொருவரும் தம் கையைத் தூக்கி, புறங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். நேற்றுவரை வெறும் தோலாக இருந்தது. இப்போது ஊசிமுனையிலும் சிறிய கதவுகள் கோடி கோடியாக, வரிசை வரிசையாக, தோளிலிருந்து விரல்வரை மூச்சு விட்டுக்கொண்டு நின்றன. மன்னர் தம் மார்பில் பூசியிருந்த சந்தனத்தைத் தொட்டார். பிறந்த அன்று நெற்றியில் வைத்த மை முதல், பட்டம் கட்டிய நாளில் ஊற்றிய நூறு ஆற்று நீர் வரைக்கும், மேலே பட்டது எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டதுபோல் அவர் கண் கலங்கியிருந்தது. எதெல்லாம் வெளியே நின்றது, எதெல்லாம் உள்ளே வந்தது, யாருக்குத் தெரியும்?

சுவரே இல்லாத வீட்டுக்கு ஒரு கதவில் நின்று இத்தனை வருஷம் காவல் காத்திருக்கிறோம் என்று நல்லபெருமாளுக்குத் தோன்றியது. அவருக்கு அவமானமாக இல்லை. கோயில் கோபுரத்தை முதன்முதலில் அண்ணாந்து பார்த்த நாளில் இருந்தாற்போல் இருந்தது.

"அப்படியானால் பூசியதெல்லாம் எனக்குள் போய்விட்டதா?" என்று மன்னர் மெல்லக் கேட்டார்.

"இல்லை, மகாராஜா" என்றார் கூத்தபிரான். "எல்லாப் பண்டமும் பூண்டைப்போல் ஓடிவிடாது. தைலத்தில் பெரும்பகுதி தலைக்கு மேலேயே நின்று தலையணையைத்தான் கெடுக்கும். கொஞ்சம்தான் உள்ளே போகும். மூன்று துளியோடு இருந்திருந்தால் ஒருவேளை உடம்புக்குத் தெரிந்தேயிருக்காது. பண்டிதர் கிண்ணம் கிண்ணமாக ஊற்றினார். ஊற்றுமுன் இலையால் தேய்த்துக் கதவைப் பெயர்த்தார். ஊற்றியபின் வாழையிலையால் மூடி, திரும்பிப் போகவும் வழியில்லாமல் அடைத்தார். பிறகு அது உள்ளே போகாமல் என்ன செய்யும்? நெஞ்சுக்கும் போயிற்று, காலுக்கும் போயிற்று. முடி முளைக்கச் சொல்லி அனுப்பிய தைலம், நெற்றியிலும் கன்னத்திலும்கூட அந்த வேலையைப் பார்த்தது."

மன்னர் சட்டென்று கன்னத்தை மூடிக்கொண்டார்.

மகாமந்திரி மட்டும் இன்னும் தம் புறங்கையை எண்ணிக்கொண்டிருந்தார். "மகாராஜா," என்றார், "இத்தனை கதவுக்கும் காவல் போட வேண்டும். மயிர்க்கால் ஒன்றுக்கு ஓர் அதிகாரி. நம் நாட்டில் அத்தனை ஆள் இல்லை. பக்கத்து நாட்டில் கடன் கேட்கலாமா?"

"கவலை வேண்டாம் மந்திரியாரே" என்றார் கூத்தபிரான். "உச்சந்தலைக்கு மட்டும் அவ்வளவு ஆள் தேவைப்படாது."

மன்னர் தம் உச்சியைத் தடவினார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

விலங்கை அப்போதே கழற்றச் சொன்னார். நல்லபெருமாளுக்குப் பட்டுச் சால்வை. பண்டிதரை நாடு கடத்தலாம் என்றார் மகாமந்திரி. வஞ்சம் இல்லை, ஆர்வக்கோளாறுதான் என்று கூத்தபிரான் பரிந்து பேசினார். அதனால் மன்னர் அவருக்கு முதற்பூச்சுக்காரர் என்று புதுப்பட்டம் கொடுத்தார். இனி மன்னர்மேல் பூசும் எதையும் பண்டிதர் முதலில் தம்மேல் பூசிக்கொண்டு ஒரு வாரம் உலாவ வேண்டும். விரதக் காலத்தில் பூண்டு நாறிய குற்றத்துக்குக் குருக்கள் விதித்த பரிகாரம் தனி.

கூத்தபிரானுக்கு மன்னர் தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். அது அவர் மணிக்கட்டில் ஏறவில்லை. மடியில் கட்டிக்கொண்டார்.

தைலம் நின்றதும் மன்னரின் நெஞ்சில் குதிரை நின்றது, வீக்கம் வடிந்தது. பூனைமயிர் உதிர்ந்தது. தேரன்று கிரீடத்தைக் கழற்றிவிட்டு வடத்தைத் தொட்டார். கடலைக்காரி இந்த வருஷமும் அதே இடத்தில் நின்றாள். மன்னர் அவளைப் பார்த்து, "சுடத்தான் செய்கிறது, அம்மா" என்றார்.

தேர் நிலைக்கு வந்த பிறகு, நல்லபெருமாள் கூத்தபிரானை மடைப்பள்ளிக்கு அழைத்து இலை போட்டார். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர். வேறு எப்படி நன்றி சொல்வது? சாப்பாட்டுக்கு முன் காலில் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணுக்கு நேரே கூத்தபிரானின் கணுக்கால் இருந்தது. விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார். குழி விழுந்தது. அது நிரம்ப ரொம்ப நேரம் ஆயிற்று.

"எந்திரும் வே, சோறு ஆறுது" என்றார் கூத்தபிரான்.

நல்லபெருமாள் எழுந்தார். புனுகு மணத்துக்கு அடியில் அவர் மூக்கு இன்னொன்றைத் தேடிப் பிடித்தது. கருகிய வெந்தயம். கற்பூரம். நனைந்த சாக்கு.

"அண்ணாச்சி, அந்தப் பூனை…"

"அடுப்புச் சூடு தாங்கல வே" என்று சொல்லி, கூத்தபிரான் தலைப்பாகையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

உள்ளே வாழையிலை கட்டியிருந்தது. அதற்கு அடியில் முடி எதுவும் முளைத்திருக்கவில்லை.